ஏழாம் மாடியில் தரை இல்லை

ஸோலிங்கனிலிருந்து வந்திருந்தார் ரைனர்.
காலணியை வாசலில் கழற்றினார்,
கையுறையைக் கழற்றவில்லை.
பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி,
கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் திருப்புளி,
வெள்ளைத் துணி.
பெண் பார்க்க வந்த வீட்டாரைப் போல
முதலில் நலம் கேட்டார்,
பிறகு ஒட்டின் நிறம் கேட்டார்.

மஞ்சள் என்றேன்.
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

விளையாட்டின் பெயர் அணில் தபால்காரன்.
முதுகில் மூன்று கோடு இல்லாத
இந்த ஊர்ச் செம்பட்டை அணில்
தோளில் பை மாட்டிக்கொண்டு
ஒன்பது மாடிக்கும் கடிதம் கொடுக்க வேண்டும்.
இசை சகிக்காது.
குடை பிடித்த பன்றி ஒன்று
காரணமே இல்லாமல் அடிக்கும்.
பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் அணில் குதிக்கும்,
யோசித்துக் குதிப்பது போல.
ஏழாம் மாடியில் லிஃப்ட் திறக்கும்.
அங்கே தரை வரைய மறந்துவிட்டார்கள்.

அணில் விழும்.
விழுந்துகொண்டே இருக்கும்.
சுவர் இல்லை, அடி இல்லை, ஊதா நிறம் மட்டும்.
அந்தரத்தில் இருக்கும் ஒவ்வொரு நொடிக்கும்
பத்துப் புள்ளி என்று
எவனோ எழுதிவைத்த கணக்கு
நேர்மையாக ஏறிக்கொண்டே போகும்.
திரிசங்குவுக்குக் கூட இவ்வளவு கிடைத்திருக்காது.

மூன்றே வாரத்தில் கடைகளிலிருந்து திரும்ப வாங்கி
தரை போட்டு, நீல ஒட்டு ஒட்டி
மறுபடி விற்றார்களாம்.
நீலம் இன்று மூன்று யூரோ, கூடையில் கிடக்கும்.
மஞ்சள் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
நான் ஃபோவிங்கெல் சந்தையில்
தொங்கு ரயிலின் நிழலில்
ஒரு வாஃபிள் மெஷினோடு சேர்த்து
ஐந்துக்கு வாங்கினேன்.
மெஷினும் வேலை செய்யவில்லை.

நானும் தபால்காரிதான்.
வுப்பர்டாலில் மலைக்கு மேல் வீடு, வீட்டுக்கு மேல் மலை.
நாளொன்றுக்குத் தொள்ளாயிரத்துச் சொச்சம் படி.
என் தெருக்களில் ஒன்றில்
பன்னிரண்டாம் எண் உண்டு, பதினாறு உண்டு,
பதினான்கு கிடையாது.
இருந்தும் பதினான்குக்குக் கடிதம் வரும்.
ஒரே கையெழுத்து, நீல மை.
முகவரி இல்லை என்று முத்திரை குத்துவேன்.
குத்தும் முன் ஒருமுறை
இரண்டு வீட்டுக்கும் நடுவே
குப்பைத் தொட்டிகள் நிற்கும் சந்தில்
நின்று பார்ப்பேன்.
ரைனரிடம் இதைச் சொல்லவில்லை.

"விழுவதைப் பார்க்க வேண்டும்" என்றார்.
"விழுந்தால்தான் அசல்."

என் கட்டைவிரலுக்கு வழி தெரியும்.
மூன்றாம் மாடிப் பன்றி, ஐந்தாம் மாடி நாய்,
லிஃப்ட்.

ரைனரிடம் நானூறு காட்ரிட்ஜ் இருக்கின்றன.
மஞ்சளே ஒன்று உண்டு, உறை பிரிக்காதது.
பிரித்தால் பாதி விலை.
அதனால் இதை அவர் கண்ணால் கண்டதில்லை.
திறந்த வாயை மூடவில்லை.
தேநீரில் ஆடை படிந்தது.
பதினேழாவது நிமிடத்தில்
புள்ளிகள் நிறைந்து வழிந்து
பூஜ்ஜியத்துக்குத் திரும்பியபோது
"பாவம்" என்றார்.
யாரை என்று நான் கேட்கவில்லை.

நூறு நூறாகப் பத்தொன்பது தாள் எண்ணி வைத்தார்.
ஹீட்டர் பழுதுபார்ப்பவனுக்கே பதினாறு போய்விடும்.
வெள்ளைத் துணியில் சுற்றியதை
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
விளக்கு எரியும் படிக்கட்டில்
ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி
இறங்கிப் போனார்.

சனிக்கிழமை
மூன்று யூரோவுக்கு நீலத்தை வாங்கினேன்.
அதே பன்றி, அதே நாய், அதே அரை நொடி யோசனை.
ஏழில் லிஃப்ட் திறந்தது.
தரை.
பழுப்பு நிறம், பலகை பலகையாக,
யாரோ ஓர் இரவில் அவசரமாக வரைந்தது.

அணிலைக் கொஞ்ச நேரம் உள்ளேயே நிறுத்திவைத்தேன்.
பிறகு நடந்தேன், கதவைத் தட்டினேன்.
முயல் ஒன்று வந்து கடிதத்தை வாங்கி
நன்றி என்றது,
கதவைச் சாத்தியது.

நாற்பது புள்ளி.